ரூஃபஸ் ஜோன்ஸின் காகிதங்கள்: பிறர் எழுத்தை வெட்டித் திருத்திய ஒருவரின் பெட்டியை எப்படிப் படிப்பது?

ஏட்டுப்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதமாக ஒரே ஆளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் அவர் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. ரூஃபஸ் ஜோன்ஸ். அமெரிக்கக் குவேக்கர், அதாவது ஒரு சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1863-இல் மெய்ன் மாநிலத்தில் சவுத் சைனா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் படித்து, 1893-இல் அங்கேயே ஆசிரியராக வந்து, 1934 வரை தத்துவம் சொல்லிக்கொடுத்தார். வந்த கையோடு ஒரு குவேக்கர் இதழின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அடுத்த வருடம் அது இன்னொரு இதழோடு சேர்ந்து 'தி அமெரிக்கன் ஃப்ரெண்ட்' ஆனது, 1912 வரை அதற்கு அவர்தான் ஆசிரியர். இடையில் குவேக்கர்களின் வரலாற்றை ஏழு தொகுதிகளாகக் கொண்டுவரும் வேலை வேறு. 1948 ஜூன் 16 அன்று இறந்தார். அன்று காலையிலும் தன் கடைசிப் புத்தகத்தின் அச்சுப்படியில் பிழை திருத்திக்கொண்டிருந்தார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவருடைய சொந்தக் காகிதங்கள் இப்போது ஹேவர்ஃபோர்ட் கல்லூரியின் குவேக்கர் சேகரிப்பில் இருக்கின்றன. கடிதங்கள், நாட்குறிப்புகள், பேச்சுக் குறிப்புகள், கட்டுரைப் படிகள். என் கேள்வி இதுதான். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுத்தில் எது நிற்கலாம், எது போகலாம் என்று முடிவு செய்த ஒரு கை, தன் பெட்டியில் மட்டும் எதையும் விலக்காமல் இருந்திருக்குமா? அவர் மகள் மேரி ஹாக்சி ஜோன்ஸும் எழுத்தாளர், அப்பாவைப் பற்றிச் சிறுநூல் எழுதியவர். இப்படி எழுதத் தெரிந்த ஒரு குடும்பத்தின் காகிதங்களை எந்த அளவு நம்பிப் படிப்பது?

இதைக் கேட்பதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. என் சித்தப்பா முப்பது வருடம் ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். போன தை மாதம் காலமானார். அவருடைய தகரப் பெட்டி இப்போது என் வீட்டில், என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

தாள்மணம்:
முதலில் ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்தால் எதையும் வரிசைப்படுத்தாதீர்கள். இருபது வருடம் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். நல்ல மனதோடு செய்யப்படும் கெடுதலில் பெரியது அதுதான். "தேதிவாரியாக அடுக்கிவிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு கடிதம் எந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தப்பட்டிருந்தது, எந்த உறையில் கிடந்தது என்பதில் இருந்த சேதி அந்த அடுக்கலில் போய்விடும்.

ஜோன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கடிதப் பெட்டி என்றாலே அதில் பெரும்பாலும் வந்த கடிதங்கள்தான் இருக்கும், போன கடிதங்கள் போன இடத்தில் இருக்கும். அதனால் ஒருவருடைய காகிதங்களைப் படிப்பது, பக்கத்து வீட்டில் யாரோ போனில் பேசுவதைச் சுவருக்கு இந்தப்புறம் நின்று கேட்பதைப் போன்றது, அதுவும் மறுமுனைக் குரல் மட்டும். ஜோன்ஸ் எழுதியதைப் படிக்க அவர் யாருக்கு எழுதினாரோ அவர்கள் பெட்டிக்குப் போக வேண்டும். குவேக்கர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர் தொடக்கத்தில் தலைமை வகித்த, அவர்களுடைய நிவாரண அமைப்பான அமெரிக்க நண்பர்கள் சேவைக்குழுவின் (1917-இல் தொடங்கியது) ஆவணங்கள் பிலடெல்ஃபியாவில் அந்த அமைப்பிடமே தனியாக இருக்கின்றன. இங்கிலாந்து நண்பர்கள் தொடர்பானவை லண்டன் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில். ஆகவே "மறைத்தாரா?" என்ற கேள்விக்கு அவர் பெட்டிக்குள்ளேயே விடை தேடுவது வீண்வேலை.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1827-இல் பிலடெல்ஃபியா குவேக்கர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், ஹிக்ஸைட் என்றும் ஆர்த்தடாக்ஸ் என்றும். 1955-இல்தான் அந்த ஊரில் மறுபடி ஒன்றானார்கள். ஆனால் இடைப்பட்ட நூற்றுச்சொச்சம் வருடத்தில் ஹேவர்ஃபோர்ட் ஒரு தரப்பின் கல்லூரியாகவும், ஸ்வார்த்மோர் மறுதரப்பின் கல்லூரியாகவும் வளர்ந்து, காகிதங்களும் அப்படியே பிரிந்து சேர்ந்துவிட்டன. சண்டை ஓய்ந்த பிறகும் பெட்டிகள் பிரிந்தேதான் இருக்கின்றன, ஆராய்ச்சி செய்பவர் இரண்டு கல்லூரிக்கும் நடக்கத்தான் வேண்டும்.

மதுரை வாசகி:
அடிப்படைக் கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குவேக்கர் என்றால் பாதிரியார் இல்லாத கிறிஸ்தவர்கள், அமைதியாக உட்கார்ந்து வழிபடுபவர்கள், போருக்குப் போகமாட்டார்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவர்களுக்கு எப்படி இத்தனை காகிதம் சேர்ந்தது? மௌனமாக இருப்பவர்கள் ஏன் இவ்வளவு எழுதித் தள்ளினார்கள்?

நெல்லை வாத்தியார்:
அருமையான கேள்வி அக்கா, இதற்கு நானே வருகிறேன். பாதிரியார் இல்லை என்பதுதான் காரணம். எல்லா முடிவையும் கூட்டத்தில் எடுப்பார்கள், ஓட்டெடுப்பு கிடையாது, கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத்தர் ஒரு குறிப்பு எழுதி, அங்கேயே வாசித்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த விஷயம். கல்யாணம், சாவு, ஜெயில், அபராதம் எல்லாம் எழுத்தில் ஏறும். தொடக்க காலத்தில் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், எந்த நாளில் எந்த நீதிபதி யார் வீட்டு மாட்டைப் பிடித்துப்போனார் என்பது வரை கணக்கு வைத்தார்கள்.

இந்தக் காகிதங்களைப் படிக்க இறங்குபவர்களுக்கு இரண்டு சாவி வேண்டும். ஒன்று தேதி. ஜனவரி, மார்ச் என்று சொல்லமாட்டார்கள், அவை வேற்றுத் தெய்வங்களின் பெயர்கள் என்பதால். முதல் மாதம், இரண்டாம் மாதம் என்றுதான் எழுதுவார்கள். ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள். நாம் செவ்வாய், புதன் என்று கிரகப் பெயரில் கிழமை சொல்வதையும் அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். இதில் ஒரு பள்ளம் உண்டு. இங்கிலாந்தில் 1752-க்கு முன்னால் வருடம் மார்ச்சில் பிறந்தது, நமக்குச் சித்திரையில் பிறப்பது மாதிரி. ஆகவே பழைய கடிதத்தில் முதல் மாதம் என்றால் மார்ச், பதினோராம் மாதம் என்றால் ஜனவரி. குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் இறந்தது அவர்கள் கணக்கில் 1690, பதினோராம் மாதம், 13-ஆம் நாள். நம் கணக்கில் 1691 ஜனவரி 13. இது தெரியாமல் நவம்பர் என்று எழுதினால் வருடமும் தப்பு, மாதமும் தப்பு.

இரண்டாவது சாவி 'நீ'. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் பெரியவர்களுக்கு ஒரு சொல், மற்றவர்களுக்கு ஒரு சொல் என்று இருந்தது. குவேக்கர்கள் எல்லோரையும் நீ என்றார்கள். நீதிபதியையும் நீ. தொப்பியையும் கழற்றமாட்டார்கள். நம் ஊர்க் கோர்ட்டில் நின்று கலெக்டரைப் பார்த்து "நீ சொல்வது சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், அதுதான் அவர்களுக்கும் ஆனது. பின்னாளில் ஊர் முழுக்க மரியாதைச் சொல்லே பொதுச்சொல்லாகி 'நீ' வழக்கொழிந்தபோது குவேக்கர்கள் மட்டும் அதை வைத்துக்கொண்டார்கள். ஜோன்ஸ் காலத்தில் அது வீட்டுச் சொல். வீட்டாரிடமும் சக குவேக்கர்களிடமும் 'நீ', வெளியாரிடம் மற்றவர் போல. அதனால் அவர் காலத்து ஒரு கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியவர் உள்ளா வெளியா என்று தெரிந்துவிடும்.

ஏட்டுப்பிரியன்:
நன்றி வாத்தியாரே. வெட்டுவது பற்றிய என் கேள்விக்கும் உங்களிடம் ஏதாவது இருக்கும் என்று தோன்றுகிறது.

நெல்லை வாத்தியார்:
இருக்கிறது, மூன்று நூற்றாண்டுக் கதை அது.

ஃபாக்ஸ் தன் வாழ்க்கையை 1675 வாக்கில், வூஸ்டர் சிறையிலிருந்து வந்த பிறகு, வடக்கு இங்கிலாந்தில் ஸ்வார்த்மூர் ஹால் என்ற வீட்டில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அது அவர் மனைவி மார்கரெட் ஃபெல்லின் வீடு. எழுதியவர் மார்கரெட்டின் மருமகன் தாமஸ் லோயர். ஃபாக்ஸ் இறந்த பிறகு தாமஸ் எல்வுட் அதைப் பதிப்பித்து 1694-இல் புத்தகமாக வந்தது. எல்வுட் யார் என்றால், கண் பார்வை போன கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர். மொழி நன்றாகத் தெரிந்தவர். அவர் பிழை திருத்தியதோடு நிற்கவில்லை. 1654-இல் ஃபாக்ஸ் அப்போது இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார், வாள் எடுக்கமாட்டேன் என்று. கையெழுத்துப் படியில் அதில் தன்னைக் கடவுளின் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். அச்சில் அந்தச் சொல் இல்லை. நோய் தீர்த்த சம்பவங்கள் பலவும் காணாமல் போயின. தனி ஆளாக எல்வுட் செய்தார் என்றும் சொல்லமுடியாது. 1673 முதல் லண்டனில் குவேக்கர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள், திங்கள்கிழமை காலையில் கூடும், குவேக்கர் எழுத்து எதுவும் அதைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். துன்புறுத்தல் அப்போதுதான் ஓய்ந்திருந்த காலம், எதிரிகள் கையில் கத்தி எடுத்துக்கொடுக்க அவர்களுக்கு மனம் இல்லை.

அந்த மூலப்படி 1911-இல்தான் எழுத்துக்கு எழுத்து அப்படியே அச்சானது. பதிப்பித்தவர் நார்மன் பென்னி, லண்டன் குவேக்கர் நூலகத்தின் முதல் நூலகர். எழுத்துப் பிழையைக்கூடத் தொடவில்லை அவர். ஆனால் அந்தப் படியின் முதல் தாள்கள் போய்விட்டன. ஃபாக்ஸின் சிறுவயது, தேடல், முதல் தரிசனம் என்று எதையெல்லாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் எல்வுட்டின் திருத்திய வடிவம்தான் கதி. ஒரு பத்துப் பதினைந்து தாள் கரைந்துபோனால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பழையகடிதம்:
இதே வரிசையில் ஹென்றி காட்பரியையும் சேர்க்க வேண்டும், எனக்கு இந்த இழையில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். ஜோன்ஸின் மச்சினர், இரண்டாவது மனைவி எலிசபெத்தின் தம்பி. புதிய ஏற்பாட்டு அறிஞர், ஹார்வர்டில் பேராசிரியர். 1918 அக்டோபரில், முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், ஜெர்மனி மீது வெறுப்பைக் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று பிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். ஊரே கொந்தளித்தது. ஹேவர்ஃபோர்டில் அவருடைய வேலை போனது. அக்கா கணவர் அதே கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஃபாக்ஸ் தான் செய்த அற்புதங்களை, அதாவது நோய் தீர்த்த நிகழ்ச்சிகளை, ஒரு தனி ஏடாக எழுதவைத்திருந்தார். அந்த ஏடு தொலைந்துவிட்டது. பழைய குவேக்கர்கள் அச்சிடவும் இல்லை. ஆனால் ஃபாக்ஸ் இறந்த பிறகு அவர் காகிதங்களுக்குப் பட்டியல் போட்ட புண்ணியவான்கள், அந்த ஏட்டில் இருந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் தொடக்கச் சொற்கள் சிலவும் முடிவுச் சொற்கள் சிலவும் குறித்துவைத்திருந்தார்கள். காட்பரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபாக்ஸின் மற்ற கடிதங்கள், நாட்குறிப்பு, பிறர் எழுதியது எல்லாவற்றிலும் தேடி, இந்தத் தலைக்கு இந்த உடல், இந்த வாலுக்கு இந்தக் கதை என்று பொருத்தி, தொலைந்த ஏட்டின் எலும்புக்கூட்டை நிறுத்திக் காட்டினார். கிடைக்காத இடத்தில் சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை, முதல் நாலு சொல்லும் கடைசி நாலு சொல்லும் மட்டும் நிற்கும், நடுவில் வெறுமை. அந்த வெறுமையைப் படிக்கும்போது நமக்கே கை நீள்கிறது, நடுவில் யார் எழுந்து நடந்தார், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று. உ.வே.சா. சிதைந்த ஏட்டோடு மல்லுக்கட்டியதைப் படித்தவர்களுக்கு இந்த உழைப்பின் அருமை புரியும். விட்டுப்போன இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகரும் நேர்மை இரண்டு பேரிடமும் உண்டு.

புத்தகம் 1948-இல் வந்தது. முன்னுரை யார் தெரியுமா? ரூஃபஸ் ஜோன்ஸ். அவர் இறந்த வருடம்.

மதுரை வாசகி:
பட்டியல் போட்டவர்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்காது இல்லையா. படித்ததும் சிலிர்த்துவிட்டது.

தாள்மணம்:
பட்டியலை யாரும் மதிப்பதில்லை. ஏடு போனாலும் பட்டியல் இருந்தால் ஏடு பாதி இருக்கிறது என்று அர்த்தம். ஏட்டுப்பிரியன் தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை ஒரு நோட்டில், மேலிருந்து கீழாக, இருக்கிற வரிசையிலேயே என்ன இருக்கிறது என்று எழுதுவது.

தத்துவப்பித்தன்:
எல்லோரும் ஜோன்ஸைத் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். அவர் எழுதிய வரலாறு எவ்வளவு நிற்கிறது என்பதையும் பேச வேண்டாமா?

பின்னணி தெரியாதவர்களுக்கு: 1897-இல் சுவிட்சர்லாந்தில் ஜான் வில்ஹெல்ம் ரவுன்ட்ரீ என்ற இளைஞரை ஜோன்ஸ் சந்தித்தார். யார்க் நகரத்துக் கோகோ வியாபாரக் குடும்பம். குவேக்கர்களுக்கு ஒரு முழு வரலாறு எழுத வேண்டும் என்பது அவர் கனவு. 1905-இல், நாற்பது வயதுகூட ஆகாமல், அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் நிமோனியாவில் இறந்துபோனார். நண்பனின் கனவை ஜோன்ஸும் பிரெய்த்வெயிட் என்ற இங்கிலாந்துக்காரரும் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். 1909-இல் முதல் தொகுதி, 1921-இல் கடைசி. இதில் எனக்கு மரியாதைதான்.

ஆனால் ஜோன்ஸ் ஒரு முடிவோடு உட்கார்ந்து எழுதினார். குவேக்கர் வழி என்பது ஐரோப்பிய ஞானிகளின் மறைஞான மரபில், அதாவது கடவுளை உள்ளத்தில் நேரடியாக உணரும் மரபில், வந்த கிளை என்பது அவர் எண்ணம், ஜெர்மனியின் யாக்கோப் போமேயிலிருந்து ஒரு கோடு இழுத்து ஃபாக்ஸில் கொண்டுவந்து முடித்தார். பின்னால் வந்தவர்கள், ஜெஃப்ரி நட்டால், ஹியூ பார்பர் போன்றவர்கள், இல்லை, இது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்த பியூரிட்டன்களின் வயலில் முளைத்த பயிர் என்று காட்டினார்கள். அந்த வரிசையில் பிரெய்த்வெயிட் தன் பங்குக்கு எழுதிய முதல் நூலுக்கு 1912-இல் ஜோன்ஸ் எழுதிய முன்னுரை, 1955-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதில் இல்லை. அந்தப் பதிப்பைத் திருத்தியவர் நீங்கள் எல்லோரும் கொண்டாடும் அதே ஹென்றி காட்பரி.

பழையகடிதம்:
அந்த முன்னுரை போனதை நான் துரோகமாகப் பார்க்கவில்லை தத்துவப்பித்தன். அது பிரெய்த்வெயிட்டின் புத்தகம், ஆராய்ச்சி நகர்ந்துவிட்டது, வாசகருக்குப் பழைய கண்ணாடி மாட்டிவிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜோன்ஸின் முன்னுரை 1912 பதிப்பில் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எல்வுட் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். எல்வுட்டின் வெட்டு இருநூறு வருடம் வெளியே தெரியவில்லை.

தத்துவப்பித்தன்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது, ஜோன்ஸின் காகிதங்களுக்கு அவர் வரலாற்றுநூலைவிட ஆயுள் அதிகம். மறைஞானத்தை அவர் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு விடை அந்த நாட்குறிப்பிலும் கடிதத்திலும்தான் இருக்க முடியும், ஏழு தொகுதியில் இல்லை. இதழாசிரியராக அவர் நின்ற இடத்தையும் பாருங்கள். ஒருபக்கம் மௌன வழிபாட்டை விடாத பிலடெல்ஃபியா, இன்னொரு பக்கம் சம்பளப் பாதிரியாரும் பாட்டும் பிரசங்கமுமாக மாறிவிட்ட மேற்கு மாநிலங்கள். இரண்டு பேருக்கும் ஒரே இதழ். 1902-இல் பல ஊர்க் கூட்டங்கள் சேர்ந்து ஒரே அமைப்பானபோது பொது நெறிநூல் எழுதிய கைகளில் அவர் கையும் ஒன்று. எல்லோருக்கும் பொதுவான ஓர் அடித்தளம் வேண்டியிருந்தது அவருக்கு, அதை உள்ளொளி அனுபவத்தில், அதாவது ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்ற உணர்வில், கண்டார் என்று நான் படிக்கிறேன். வரலாறாக அது சறுக்கியிருக்கலாம், ஆனால் அந்த மனிதனின் தேவை உண்மை.

ஏட்டுப்பிரியன்:
இதை எதிர்பார்க்கவில்லை. நன்றி. நான் "மறைத்தாரா" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் "ஏன் இப்படி நினைத்தார்" என்று கேட்கிறீர்கள்.

ஆனாலும் ஒரு இடத்தில் போலீஸ் கேள்வி வேண்டும் என்று நினைக்கிறேன். 1938 டிசம்பர். யூதர்களின் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் நொறுக்கிய அந்த நவம்பர் இரவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜோன்ஸுக்கு 75 வயது. ராபர்ட் யார்னால், ஜார்ஜ் வால்டன் என்ற இருவரோடு குவீன் மேரி கப்பல் ஏறிப் பெர்லினில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமை அலுவலகத்துக்கே போனார்கள். கையில் ஒரு தாள். முதல் உலகப்போருக்குப் பிறகு குவேக்கர்கள் ஜெர்மன் குழந்தைகளுக்குச் சோறு போட்டதை அதில் எழுதியிருந்தார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பிள்ளைகள் வரை சாப்பிட்டார்கள், அந்தத் தலைமுறை ஜெர்மானியர்களுக்கு 'குவேக்கர் சாப்பாடு' என்பது ஒரு வீட்டுச்சொல். அதிகாரிகள் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுவருகிறோம் என்று உள்ளே போனார்கள். மூவரும் அந்த அறையில் தலைகுனிந்து மௌனமாக உட்கார்ந்து பிரார்த்தித்தார்கள். திரும்பி வந்தவர்கள் நிவாரண வேலைக்கு அனுமதி என்றார்கள்.

ஜோன்ஸ் இதை விரிவாக எழுதி அச்சானது 1947-இல், தான் ஒருகாலத்தில் நடத்திய அதே 'அமெரிக்கன் ஃப்ரெண்ட்' இதழில். ஒன்பது வருடம் கழித்து. போர் முடிந்து, வதைமுகாம்கள் உலகத்துக்குத் தெரிந்த பிறகு. அந்த அதிகாரிகளின் முகம் இளகியது என்று அவர் நம்பினார், அந்த நம்பிக்கையோடுதான் எழுதினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

தாள்மணம்:
ஒன்பது வருடம் கழித்து எழுதியதைத் தள்ளவும் கூடாது, அதை மட்டும் வைத்துக்கொள்ளவும் கூடாது. கூடப்போன இருவரும் என்ன எழுதினார்கள், சேவைக்குழுவின் அன்றைய தந்திகள் என்ன சொல்கின்றன, பெர்லினில் இருந்த குவேக்கர் அலுவலகம் அடுத்த மாதங்களில் எத்தனை பேருக்கு வழிசெய்ய முடிந்தது, இவற்றை அருகருகே வைக்க வேண்டும். அனுமதி கிடைத்தது என்பது ஒரு செய்தி. அதிகாரியின் மனம் இளகியது என்பது ஒரு கிழவரின் நம்பிக்கை. இரண்டும் ஒரே பத்தியில் இருந்தாலும் இரண்டு வேறு ரகம்.

மதுரை வாசகி:
"ஒரு கிழவரின் நம்பிக்கை" என்று நீங்கள் சொன்னது கொஞ்சம் உறுத்துகிறது அண்ணா. 75 வயதில் அந்த வாசல்படி ஏறியவரின் நம்பிக்கை அது. லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்ற அது போதவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எத்தனை பெரிய மனிதர்கள் அந்த வாசலுக்குப் போனார்கள்?

தாள்மணம்:
ஏற்றுக்கொள்கிறேன் வாசகி. சொல்லை மாற்றிக்கொள்கிறேன், அவரது நம்பிக்கை.

மதுரை வாசகி:
நேற்று இரவு முழுக்க ஜோன்ஸைப் பற்றியே படித்தேன். உங்களில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் மனைவி சாரா 1899-இல் இறந்துபோனார். ஒரே மகன், லோவெல். 1903-இல் ஜோன்ஸ் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். லிவர்பூலில் இறங்குவதற்கு முந்தைய இரவு காரணமே இல்லாமல் மனதை என்னவோ அழுத்தியது, தூக்கம் இல்லை. கரை இறங்கியதும் தந்தி காத்திருந்தது. பையன் தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டான். பதினொரு வயது.

இதை அவர் புத்தகத்தில் எழுதியது 1947-இல். நாற்பத்து நாலு வருடம் கழித்து. ஐம்பதுக்கு மேல் புத்தகம் எழுதிய மனிதர். அப்படியென்றால் அந்த 1903-இல், அந்த வருட இதழ்களுக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டு, மற்றவர்கள் கட்டுரையில் காற்புள்ளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களில் அவர் கைப்பட எழுதிய ஏதாவது தாள் அந்தப் பெட்டியில் இருந்தால், அதைத்தான் நான் முதலில் கேட்பேன். மறைஞானம் எங்கிருந்து வந்தது, போமேயா பியூரிட்டனா என்று தத்துவப்பித்தன் கேட்கிறாரே, எனக்கு அந்தக் கப்பல் அறையைத் தாண்டிப் போகமுடியவில்லை.

எனக்கும் இப்படி ஒரு தந்தி வந்த வீடு. எங்கள் அம்மா அந்தத் தாளை இருபது வருடம் ரேஷன் கார்டு வைக்கும் உறையிலேயே வைத்திருந்தார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது. அம்மா போனபிறகு எடுத்துப் பார்த்தேன், மடிப்பு நாலாக அறுந்திருந்தது. எத்தனை தடவை விரித்துப் பார்த்திருந்தால் அப்படி அறுந்திருக்கும்.

தத்துவப்பித்தன்:
வாசகி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பதில் எழுத நேரம் எடுத்துக்கொண்டேன். என் மேலே சொன்ன வாதத்தில் இது விடுபட்டிருந்தது. சேர்த்துக்கொள்கிறேன்.

கோத்தகிரிக்காரன்:
தாமதமாக வருகிறேன். நம் பக்கமும் ஒரு குவேக்கர் வரலாற்றாசிரியர் இருந்தார் என்பதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். மார்ஜரி சைக்ஸ். 1928-இல் சென்னைக்கு, பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த ஆங்கிலேயப் பெண். தமிழ் கற்றுக்கொண்டார், பின்னால் குவேக்கரானார். சாந்திநிகேதனில் தாகூர் காலத்தில் இருந்தார், சேவாகிராமில் வேலை செய்தார், எங்கள் கோத்தகிரியில் பல வருடம் வாழ்ந்தார். இந்தியாவில் குவேக்கர்கள் பற்றி 1980-இல் அவர் எழுதிய வரலாற்றுநூல் இன்றும் அந்தத் துறைக்குத் திறவுகோல். ஜோன்ஸே 1926-இல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைப் பார்த்தவர்தான்.

சைக்ஸ் அம்மா போன்றவர்களின் கடிதங்கள் எங்கெல்லாம் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய மாணவிகளின் பீரோவில், பள்ளி அலுவலகத்தின் பரணில். ஜோன்ஸுக்கு ஒரு கல்லூரி இருந்தது, பக்கத்திலேயே மகள் இருந்தார். எல்லோருக்கும் அது வாய்க்காது. யார் வீட்டிலாவது அவர் கையெழுத்தில் ஒரு அஞ்சலட்டை இருந்தால்கூட, தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டில் இரண்டு மூட்டை அப்படிப் போனது, எடைக்குப் போட்ட மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. கடைக்கு ஓடினேன். கட்டு பிரிந்து லாரி ஏறிவிட்டது.

நெல்லை வாத்தியார்:
ஸ்வார்த்மூர் ஹால் காகிதங்களுக்கும் இதே நிலைமை வந்திருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள், முதல் தலைமுறைக் குவேக்கர்கள் மார்கரெட் ஃபெல்லுக்கும் ஃபாக்ஸுக்கும் ஊர் ஊராக இருந்து, சிறையிலிருந்து, கப்பலிலிருந்து எழுதியவை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீடே குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. எப்படியோ தப்பி இன்று லண்டன் நூலகத்தில் இருக்கின்றன. பல கடிதங்களின் மேலே ஃபாக்ஸே தன் கையால் யார் எழுதியது, எந்த வருடம் என்று குறித்துவைத்திருக்கிறார். அவர் கையெழுத்து கோணல்மாணலாக, எழுத்துப் பிழையோடு இருக்கும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பாதிக் கடிதத்துக்கு வருடம் சொல்ல இன்றைக்கு ஆள் கிடையாது.

ஏட்டுப்பிரியன்:
நேற்று ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைத் திறந்தேன். தாள்மணம் அண்ணா சொன்னபடி எதையும் மாற்றவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 63 எழுதியிருக்கிறேன், இன்னும் பெட்டியில் முக்கால்வாசி இருக்கிறது.

மேலே முழுக்கப் பத்திரிகைக்கு வந்த கவிதைகள், கதைகள். சிவப்பு மையில் சித்தப்பா வெட்டிய கோடுகள். சில தாளில் வெட்டிவிட்டு, ஓரத்தில் சின்னதாக 'இருக்கட்டும்' என்று எழுதி வெட்டை ரத்து செய்திருக்கிறார். நாற்பத்தோராவது உருப்படி, ஒரு பெண்மணி எழுதிய கதை. அதில் ஒரு பத்தியை வெட்டி, 'இருக்கட்டும்' என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறார். அதோடு ஒரு கடிதம் குண்டூசி குத்தியிருக்கிறது. துருப்பிடித்து இரண்டு தாளிலும் பழுப்பு வட்டம். அந்தப் பத்தியை ஏன் எடுத்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டு எழுதியது. சித்தப்பாவின் பதில் அவர்கள் வீட்டில்தான் இருக்கும், இருந்தால்.

கடித உறையின் பின்னால் முகவரி இருக்கிறது, மேலப்பாளையம் பக்கம். 1987. அண்ணா, அந்தக் குண்டூசியைக் கழற்றலாமா, அப்படியே விடலாமா?

தாள்மணம்:
துரு பரவும், கழற்றத்தான் வேண்டும். இழுக்காதீர்கள். தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, ஊசியை மெதுவாக அசைத்து எடுங்கள். எடுப்பதற்கு முன்னால் இரண்டும் சேர்ந்திருந்ததைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளையும் ஒரே வெள்ளைத் தாளுக்குள் மடித்து வைத்து, வெளியே பென்சிலால் எழுதுங்கள்: 41, இரண்டும் சேர்த்துக் குத்தியிருந்தது. பேனா வேண்டாம்.

அப்புறம் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.